அதிக வெளிச்சம் வேண்டுவோர்க்கு

"இரவிலே வண்டி ஓட்டும்போது வீதி முன்போலத் தெளிவாகத் தெரிகின்றதில்லை. முகப்பு விளக்குகளுக்கு அதிக வெளிச்சந் தரும் மின்குமிழ்கள் வாங்கிப் போடலாமென எண்ணுகின்றேன். நூறு சதவீதம் கூடிய வெளிச்சம், நூற்றைம்பது சதவீதம் கூடிய வெளிச்சம் என்று எழுதிய பெட்டிகள் பலவற்றைக் கடையிலே காட்டுகின்றார்கள். வெள்ளை நிற எல்.ஈ.டி. குமிழ்களும் உண்டு. எதனை வாங்குவது நல்லது?" என வவுனியாவிலிருந்து அன்பர் ஒருவர் வினவியுள்ளார். தமது வண்டி பதினைந்து வருடம் ஓடிய யப்பானிய வண்டியென்றும், தமக்கு வயது 58 என்றும், மாதத்தில் இருமுறையேனும் மனைவி மக்களோடு ஏ-9 வீதியால் இரவிற் பிரயாணஞ் செய்வது வழக்கமென்றும் அவர் எழுதியிருக்கின்றார்.

இவ்வினாவுக்கு, இன்ன குமிழை வாங்குங்கள் என ஒரே வரியில் விடை கூறிவிடலாம். ஆயினும் அவ்விடை அவருக்கு முழுப் பயனையும் தராது. வெளிச்சம் எங்கே உண்டாகின்றது, எவ்வழியாற் செல்கின்றது, இடையில் எங்கே நஷ்டமாகின்றது என்பவற்றை அறிந்தாலன்றிப் பணத்தைச் செலவிட்டும் பலன் காணுதல் அரிது. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் பாடசாலையிற் கற்ற சில விதிகள் இங்கே வேலை செய்வதைக் காண்பார்கள். ஆதலின் சற்று விரிவாகவே கூறுவோம்.

குமிழினுள்ளே நடப்பது யாது?

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் காபைட் வாயு விளக்குகளே அதற்கு வழிகாட்டின. அவற்றின் பின் வந்த மின்குமிழ்களில் தங்குதன் என்னும் உலோகத்தாலான மெல்லிய இழை, மின்னோட்டத்தினால் வெண்சூடாகி ஒளி வீசிற்று. ஆனால் அவ்வாறு சூடாகுந்தோறும் தங்குதன் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்திற் கரிபோலப் படியும். குமிழ் நாளடைவில் மங்கும். இழையும் மெலிந்து அறும்.

இக்குறைக்குப் பரிகாரமாக 1962 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் எச்-1 எனப்படும் குமிழ் மோட்டார் வண்டிகளுக்கென வெளிவந்தது. பாடநூல் அலசன் என்றும் கடைக்காரர் ஹலோஜன் என்றும் வழங்கும் மூலகக் கூட்டத்தைச் சேர்ந்த அயடீன் அல்லது புரோமீன் இத்தகைய குமிழ்களினுள்ளே சிறிதளவு சேர்க்கப்படுகின்றது. ஆவியாகிய தங்குதன் கண்ணாடியிற் படிவதற்கு முன் இவ்வலசனோடு சேர்ந்து சேர்வையாகின்றது. அச்சேர்வை இழையின் அருகே சென்றதும் அங்குள்ள மிகுந்த உஷ்ணத்தினாற் பிரிந்து, தங்குதனைத் திரும்பவும் இழையின் புறத்திலேயே விட்டுவிடுகின்றது. இதனாற் கண்ணாடி கறுப்பதில்லை, இழையை முன்னிலும் அதிகம் சூடாக்கலாம், வெளிச்சமும் கூடுகின்றது.

இச்சுழற்சி இடையறாது நடப்பதற்குக் குமிழின் சுவர் ஏறக்குறைய 250 பாகை சென்ரிகிறேட்டுக்கு மேற் சூடாக இருத்தல் வேண்டும். ஆகவேதான் அலசன் குமிழ்கள் சிறியனவாயும், சாதாரண கண்ணாடிக்குப் பதிலாகப் படிகக்கல்லின் இனமான குவாட்சு முதலியவற்றாற் செய்யப்பட்டனவாயும் இருக்கின்றன. இத்தகைய கண்ணாடியை வெறுங்கையால் தொட்டால், விரலிலுள்ள எண்ணெயும் உப்பும் அதிற் படிந்து, அவ்விடம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறிக் குமிழ் விரைவிற் பழுதாகும். தொட நேர்ந்தால் ஸ்பிரிற்றில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்த பின்னரே பூட்டுதல் வேண்டும்.

1971 ஆம் ஆண்டில் எச்-4 என்னும் குமிழ் வந்தது. இதிலே இரண்டு இழைகள் உண்டு. ஒன்று நெடுந்தூரம் வீசும் தூரவெளிச்சத்துக்கு. மற்றது பேச்சு வழக்கில் 'டிம்' என்று சொல்லப்படும் கீழ்வெளிச்சத்துக்கு. நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றில் இன்றும் இருப்பது இதுவே. கீழ்வெளிச்ச இழையின் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருப்பதை எச்-4 குமிழைக் கையிலெடுத்துப் பார்ப்போர் காணலாம். இழை, விளக்கின் குழிவாடியினது குவியத்துக்குச் சற்று முன்னே இருப்பதாலும், அடிப்பக்க ஒளியை இக்கிண்ணம் தடுப்பதாலும், வெளிச்சம் மேலே கிளம்பாது வீதியை நோக்கிச் சாய்ந்து செல்கின்றது. இழை ஒரு மில்லிமீற்றர் இடம் பெயர்ந்தாலும் இவ்வொழுங்கு குலையும். பின்னர் கூறப்போகும் செய்திகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை. வாசகர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்வார்களாக.

பெட்டியின் மேல் எழுதியிருப்பது

இனி, நூறு சதவீதம், நூற்றைம்பது சதவீதம் என்னும் விளம்பரங்களை ஆராய்வோம்.

மோட்டார் மின்குமிழ்களுக்கு ஐக்கிய நாடுகளின் 37 ஆம் இலக்க ஒழுங்குவிதி அளவு வகுத்திருக்கின்றது. அதன்படி எச்-4 குமிழின் கீழ்வெளிச்ச இழை, 13.2 வோல்ற்று அழுத்தத்தில் 1000 லூமன் ஒளி தருதல் வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படலாகாது. அதாவது 850 லூமனுக்குக் குறையவுங் கூடாது, 1150 லூமனுக்கு மிகவுங் கூடாது. அங்கீகாரம் பெற்ற குமிழ்களில் மிகவும் மங்கலானதற்கும் மிகவும் பிரகாசமானதற்கும் உள்ள வித்தியாசமே முப்பத்தைந்து சதவீதந்தான். அப்படியாயின் நூற்றைம்பது சதவீதம் எங்கிருந்து வந்தது?

விடை இதுதான். இத்தகைய குமிழ்களில் இழையை மெலிதாயும் நெருக்கமாயும் சுற்றி, அதனை அதிகச் சூட்டில் எரியச் செய்கின்றார்கள். மொத்த வெளிச்சம் பெரிதும் கூடுவதில்லை. ஆனால் ஒளி சிறிய இடத்திலிருந்து புறப்படுவதால், வீதியிலே குறித்த சில இடங்களில் அது செறிந்து விழுகின்றது. பெட்டியில் எழுதப்படும் சதவீதம் அத்தகைய ஓரிடத்தை அளந்து, சட்டம் கேட்கும் மிகக் குறைந்த அளவோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. நல்ல சாதாரணக் குமிழோடு ஒப்பிட்டதன்று.

இன்னுமொன்று. ஓரிடத்தில் வெளிச்சம் உண்மையாகவே இருமடங்காயிற்று என வைத்துக்கொள்வோம். பார்க்கும் தூரமும் இருமடங்காகுமா? ஆகாது. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதமாகக் குறைவதை மாணவர்கள் அறிவார்கள். ஒளி இரட்டிப்பானால், முன்னிருந்த அதே செறிவு கிடைக்கும் தூரம் இரண்டின் வர்க்கமூலமாகிய 1.41 மடங்காகவே கூடும். 60 மீற்றர் 85 மீற்றராகும். 120 மீற்றர் ஆகாது. ஒளி முப்பது சதவீதம் கூடினாலோ 60 மீற்றர் ஏறக்குறைய 68 மீற்றராகும். இதுவும் பயனுள்ளதே, ஆயினும் பெட்டியைப் பார்த்து நாம் கொள்ளும் எதிர்பார்ப்புக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

இவ்வாதாயத்துக்குக் கொடுக்கும் விலை குமிழின் ஆயுள். அதிகச் சூட்டில் எரியும் மெல்லிய இழை விரைவில் அறும். பிரகாசத்தையே முதன்மையாக விளம்பரம் செய்யும் குமிழ்கள் பல, சாதாரணக் குமிழின் பாதிக் காலமும் உழைப்பதில்லை. நள்ளிரவில் கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஒரு கண் அவிந்துபோன வண்டியோடு நிற்பவர்க்கு, அது எவ்வளவு பிரகாசமாக எரிந்தது என்பது ஆறுதலாக இராது.

நீலநிறம் பூசிய குமிழ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண அலசன் குமிழின் ஒளி ஏறக்குறைய 3200 கெல்வின் நிறவெப்பமுடையது. சற்று மஞ்சள் கலந்தது. 5000 கெல்வின் என்று விற்கப்படும் அலசன் குமிழ்கள், மேலே பூசிய நீலப்படலத்தினால் மஞ்சளையும் சிவப்பையும் தடுத்தே வெண்மையாகத் தோன்றுகின்றன. தடுக்கப்பட்ட ஒளி வீதிக்குச் சேராத ஒளி. ஆகவே கண்ணுக்கு நவீனமாகத் தோன்றும் இக்குமிழ், வீதிக்குக் குறைந்த வெளிச்சத்தையே கொடுக்கின்றது. மழையில் நனைந்த கரிய தார் வீதியில் இக்குறை நன்கு புலப்படும்.

வாற்றைக் கூட்டலாமா?

எச்-4 குமிழின் முறையான அளவு தூரவெளிச்சத்துக்கு 60 வாற்று, கீழ்வெளிச்சத்துக்கு 55 வாற்று. இதே அடியும் உருவமும் கொண்ட 100 வாற்று, 90 வாற்றுக் குமிழ்களும் விற்பனைக்கு வருகின்றன. இவை பொதுவீதிக்கென அங்கீகரிக்கப்பட்டவையல்ல.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 வாற்றை 12 வோல்ற்றால் வகுத்தால் 5 அம்பியர். 100 வாற்றை அவ்வாறே வகுத்தால் 8.3 அம்பியர். கம்பியிலும் ஆளியிலும் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவது. 8.3 ஐ 5 ஆல் வகுத்து வர்க்கித்தால் 2.8 வருகின்றது. ஆகவே பழைய கம்பி முன்னிலும் மும்மடங்குக்குச் சற்றுக் குறைந்த சூட்டைத் தாங்க வேண்டியதாகின்றது. குமிழைப் பிடிக்கும் பிளாஸ்ரிக் துண்டு உருகுவதும், குழிவாடியின் வெள்ளிப்பூச்சு கருகுவதும், சுற்றுக் கம்பிகளின் உறை இளகுவதும் இதன் விளைவுகள். உருகி அடிக்கடி எரிகின்றதென்று அதற்குப் பதிலாகப் பெரிய உருகியைப் போடுவோரும் உளர். அவர்கள் வீட்டுக்குக் காவலாக நின்ற நாயை அவிழ்த்துவிட்டுக் கதவையுந் திறந்து வைத்தவர்களாவர்.

எல்.ஈ.டி.யும் செனனும்

புதிய வண்டிகளில் எல்.ஈ.டி. விளக்குகள் நன்றாகத்தானே எரிகின்றன, அவற்றை நமது வண்டியிற் போட்டால் என்ன என்று கேட்பது இயல்பே. செனன் வாயுவில் மின்வில் உண்டாக்கும் விளக்கு 1991 இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யு. வண்டியொன்றிலும், கீழ்வெளிச்சத்துக்கு எல்.ஈ.டி. விளக்கு 2007 இல் யப்பானின் லெக்ஸஸ் வண்டியொன்றிலும் முதன்முதல் வந்தன. ஆனால் அவ்வண்டிகளிற் குமிழ் மாத்திரமன்றி, குழிவாடியும் வில்லையும் அவ்வொளிக்கெனவே வகுக்கப்பட்டிருந்தன என்பதை மறத்தலாகாது.

நமது வண்டியின் குழிவாடியோ, உருண்டையான மெல்லிய இழையொன்று குறித்த இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஒளி வீசும் என எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. எல்.ஈ.டி. குமிழோ தட்டையான பலகையின் இரு பக்கங்களில் ஒட்டிய சில்லுகளிலிருந்து ஒளி வீசுவது. அதன் ஒளி குழிவாடியிற் பட்டு வேண்டாத திசைகளிலெல்லாம் தெறிக்கின்றது. வண்டியின் முன்னே பத்துப் பதினைந்து மீற்றர்வரை பால் வார்த்தாற்போல வெண்மையாகத் தெரியும், சாரதி மகிழ்ச்சியடைவார். அக்கிட்டிய வெளிச்சத்துக்குக் கண் பழகிவிடுவதனால் தொலைவிலுள்ள பொருள் முன்னிலும் மங்கும் என்பதை அவர் உணர்வதில்லை. எதிரே வருவோரின் கண்ணிற் பாயும் கூச்சத்தை அவர் காண்பதேயில்லை.

செனன் குமிழ்களைப் பற்றியும் இதுவே நமது கருத்து. அவை ஏறக்குறைய 3200 லூமன் தருவன. எச்-4 இன் கீழ்வெளிச்சத்தைப் போல மும்மடங்கு. இத்துணை வலிய ஒளி உபயோகிக்கும் வண்டிகளில், பாரத்துக்கேற்ப விளக்கைத் தானே தாழ்த்தும் கருவியும், விளக்கின் முகத்தைக் கழுவும் கருவியும் இருத்தல் வேண்டுமென ஐரோப்பிய விதிகள் கட்டாயப்படுத்தின. அத்தகைய காவல்கள் ஒன்றுமில்லாத பழைய கிண்ணத்துள் அக்குமிழை மாத்திரம் பூட்டுவது தகாது. 2020 ஆம் ஆண்டில் ஜெர்மனி, அலசன் விளக்குக்குள் பூட்டும் எல்.ஈ.டி. குமிழொன்றை முதன்முதலாக அனுமதித்தபோதுங்கூட, பரிசோதித்துப் பார்த்த குறித்த சில வண்டி வகைகளுக்கு மாத்திரமே அனுமதித்தது. இதிலிருந்தே விஷயத்தின் நுட்பம் விளங்கும்.

வெளிச்சம் எங்கே நஷ்டமாகின்றது?

புதுக்குமிழ் வாங்குமுன், இருக்கின்ற குமிழின் வெளிச்சம் முழுவதும் வீதிக்குப் போய்ச் சேர்கின்றதா என்று பார்த்தல் அறிவுடைமை. நஷ்டம் நேரும் இடங்கள் மூன்று.

முதலாவது, விளக்கின் முகம். இக்காலத்து வண்டிகளில் விளக்கின் முகம் கண்ணாடியன்று. பொலிகாபனேற்று என்னும் பிளாஸ்ரிக். பல வருட வெயிலிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் அதன் காப்புப் பூச்சை அழிக்க, அது மஞ்சளித்து மங்குகின்றது. மங்கிய முகம் ஒளியைத் தடுப்பதோடு நில்லாது, தாண்டிச் செல்லும் ஒளியையும் சிதறடிக்கின்றது. அதனுள்ளே வலிய குமிழைப் போட்டால், சிதறும் கூச்சமும் வலியதாகும். நீரில் நனைத்த மெல்லிய எமரித்தாள்களால், படிப்படியாக மேலும் மெல்லியனவற்றைக் கொண்டு தேய்த்து, மினுக்குப் பசையால் துலக்கினால் முகம் தெளியும். ஆனால் காப்புப் பூச்சை மீண்டும் பூசாவிட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும். பதினைந்து வருட வண்டியெனின் இதனையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, மின்னழுத்தம். இழைக் குமிழின் ஒளி, அழுத்தத்தின் ஏறக்குறைய 3.4 ஆம் அடுக்குக்கேற்ப மாறுவது. அழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், ஒளி பத்தன்று, முப்பது குறையும். 13.2 வோல்ற்று இருக்கவேண்டிய இடத்தில் 11.9 வோல்ற்று இருந்தால் 1000 லூமன் குமிழ் 700 லூமன் குமிழாகிவிடுகின்றது. அங்கே முப்பது சதவீதம் கூடிய குமிழைப் போட்டாலும் 910 லூமன்தான். செலவு செய்தபின்னும் சாதாரணக் குமிழின் நியாயமான வெளிச்சத்தைக்கூட நாம் எட்டவில்லை!

இதனை அறிவது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, வோல்ற்றுமானியாற் பற்றரியின் இரு முனைகளிலும் அளந்து குறித்துக்கொள்க. பின்பு குமிழ் எரிந்துகொண்டிருக்கவே, அதன் பின்புறத்து முனைகளில் அளந்து பார்க்க. வித்தியாசம் அரை வோல்ற்றளவில் இருந்தாற் பாதகமில்லை. ஒரு வோல்ற்றுக்கு மேற்பட்டால், துருப்பிடித்த புவித்தொடுப்பு, தேய்ந்த ஆளி, கறுத்த செருகி இவற்றுள் ஒன்று நிச்சயமாகப் பழுது. சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கினாலே பெரும்பாலும் போதும். போதாவிடின் ரிலே ஒன்று பூட்டிப் பற்றரியிலிருந்து தடித்த கம்பியால் நேரே மின்னோட்டம் கொடுக்கச் செய்யலாம். மின்வேலை தெரிந்த கராஜ் தொழிலாளி அரை நாளிற் செய்து முடிக்கும் வேலை இது. அழுத்தம் அளவுக்கு மிஞ்சினாலும் ஆகாது. ஐந்து சதவீதம் மிஞ்சினாலே இழையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மூன்றாவது, விளக்கின் சாய்வு. வண்டியைச் சமதரையில், சுவரொன்றுக்கு நேரே 10 மீற்றர் தூரத்தில் நிறுத்துக. ரயர்களிற் காற்று அளவாக இருத்தல் வேண்டும். சாரதியின் ஆசனத்தில் ஒருவர் அமர்ந்திருத்தல் வேண்டும். விளக்கின் நடு, நிலத்திலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வுயரத்தைச் சுவரிற் குறித்துக்கொண்டு, கீழ்வெளிச்சத்தை எரிய விடுக. வெளிச்சத்தின் மேல் விளிம்பு அக்குறிக்கு 10 சென்ரிமீற்றர் கீழே விழுதல் வேண்டும். விளக்கு 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், இச்சாய்வில் அவ்விளிம்பு 65 மீற்றர் தூரத்தில் வீதியைத் தொடும். சாய்வு இருமடங்கானால் அது 33 மீற்றருக்குள் அடங்கிவிடும். எத்துணைச் சிறந்த குமிழும் அதற்கப்பால் வெளிச்சம் காட்டாது. சாய்வு சிறிதுமில்லையானால் விளிம்பு வீதியைத் தொடுவதேயில்லை; எதிரே வருவோர் முகத்தையே தொடும்.

பின்னாசனத்தில் மூவரும் பெட்டியறையிற் சாமான்களும் ஏறினால் வண்டியின் முன்புறம் நிமிரும், விளக்கும் நிமிரும். இதற்காகவே வண்டிகள் பலவற்றில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்று சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது. குடும்பத்தோடு பிரயாணஞ் செய்வோர் பாரத்துக்கேற்ப அதனைத் திருப்பிக்கொள்ளல் வேண்டும். வண்டி வாங்கிய நாள் தொட்டு அதனைத் தொடாதவர் பலர்.

பழைய வண்டி உடையோர்க்கு

யாழ்ப்பாணத்திலே அருமையாகப் பேணப்பட்டு வரும் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளின் சொந்தக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். இவற்றுட் பலவற்றில் ஏழு அங்குல வட்ட விளக்குகளும், 42 வாற்று, 36 வாற்று அளவான பழைய இழைக் குமிழ்களும் இருந்தன. அவற்றை நீக்கி, எச்-4 குமிழுக்கென வகுத்த குழிவாடியையும் முகக்கண்ணாடியையும் ஒருங்கே பூட்டினால் உண்மையான முன்னேற்றம் கிடைக்கும். கண்ணாடியும் குமிழும் ஒன்றுக்கொன்று பொருந்துவன ஆதலின் கூச்சமும் இராது. ஆயினும் வாங்கும்போது, அது இடப்பக்க ஓட்டமுள்ள நாட்டுக்கென அமைந்ததா என்று கேட்டறிதல் அவசியம். கீழ்வெளிச்சத்தின் ஒரு பக்கம் வீதியோரத்தைக் காட்டுவதற்காகச் சிறிது உயர்ந்து செல்லும். வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்கான விளக்கில் அவ்வுயர்ச்சி வலப்புறம் அமைந்து, நம் நாட்டில் எதிரே வருவோர் கண்ணிற் படும்.

இவ்வண்டிகளின் தைனமோ அதிகமாய்க் கொடுப்பது ஏறக்குறைய 20 அம்பியர்; மெதுவாக ஓடும்போது அதுவுமில்லை. 55 வாற்றுக் குமிழ் இரண்டுக்கே 9 அம்பியர் வேண்டும். பின்விளக்கு, எரிபற்றல், மழைத்துடைப்பான் ஆகியவற்றையும் கூட்டினால் மிச்சம் அதிகமில்லை. ஆகவே இவ்வளவுக்கு மேற்போகாதிருத்தல் நன்று. மேலும், 1960 களின் நடுப்பகுதிவரை வந்த பிரித்தானிய வண்டிகள் பெரும்பாலும் பற்றரியின் நேர்முனையைப் புவித்தொடுப்பாகக் கொண்டவை. இழைக் குமிழுக்கு எத்திசையில் மின்னோட்டம் சென்றாலும் ஒன்றுதான்; எல்.ஈ.டி.க்கோ திசை உண்டு. மாறிப் பூட்டினால் எரியாது. சில வேளை பழுதுமாகும்.

கண்ணும் வேகமும்

விளக்கைப் பற்றி இவ்வளவு சொன்ன நாம் கண்ணைப் பற்றிச் சொல்லாதிருத்தல் முறையன்று. வயது ஏற ஏறக் கண்மணியின் துவாரம் சிறுக்கின்றது, கண்வில்லை மஞ்சளிக்கின்றது. இருபது வயதுடையவரின் விழித்திரைக்குச் சேரும் ஒளியில் மூன்றிலொரு பங்கே அறுபது வயதுடையவருக்குச் சேர்கின்றதென வைத்திய விஞ்ஞானிகள் கணித்திருக்கின்றனர். வில்லையிற் புரை தோன்றத் தொடங்கினால், எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி வளையம் தோன்றும். கூச்சம் தாங்க இயலாதாகும். 'வீதி முன்போலத் தெரிகின்றதில்லை' என்று ஐம்பதைக் கடந்த ஒருவர் கூறினால், குமிழ் மங்கியது என்பதற்கு முன், கண் வைத்தியர் ஒருவரைக் காண்பது அவருடைய கடமை. அவர் தமக்காக மாத்திரம் ஓட்டுபவரல்லர். பின்னாசனத்திலே பிள்ளைகள் உறங்குகின்றார்கள். மூக்குக்கண்ணாடியின் எண் மாறியிருக்கலாம். புரையாயின் இன்று அதற்கு நல்ல சத்திரசிகிச்சை உண்டு. காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் உட்புறத்தில் நாளடைவிற் படியும் மெல்லிய மாசைத் துடைப்பதும் இரவுப் பார்வைக்கு வியக்கத்தக்க உதவி செய்யும். அதற்குச் செலவு ஒரு துண்டுத் துணியே.

வேகத்தையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 17 மீற்றர் செல்லும். இடரைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை விநாடி ஆகுமெனக் கொண்டால், அதற்குள் 25 மீற்றர் கழியும். உலர்ந்த வீதியில் நிற்பதற்கு மேலும் 20 மீற்றர் வேண்டும், மொத்தம் 45. மணிக்கு 80 கிலோமீற்றரில் இது 68 மீற்றராகும். நனைந்த வீதியில் இன்னும் அதிகம். கறுத்த உடை அணிந்து வீதியோரம் நடப்பவரைக் கீழ்வெளிச்சத்தில் 50 மீற்றருக்கு அப்பாற் காண்பது அரிது. வீதியிற் படுத்துக் கிடக்கும் மாட்டையும், விளக்கில்லாது வரும் துவிச்சக்கர வண்டியையும் அவ்வாறே. ஆகவே கீழ்வெளிச்சத்தில் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவர், தாம் காணாத இடத்துக்குள்ளே நிறுத்த இயலாத வண்டியைச் செலுத்துகின்றார். வேகத்தைக் குறைத்தலாற் கிடைக்கும் பாதுகாப்பை எந்தப் பெட்டியிலுள்ள குமிழும் தராது.

அதுபோலவே, நமது கூச்சத்தாற் கண் கலங்கிய எதிர்ச் சாரதி மூன்று விநாடி பார்வையின்றி ஓட்டினால், 60 கிலோமீற்றர் வேகத்தில் அவர் 50 மீற்றர் குருட்டாட்டமாக வருகின்றார். வருவது நம்மை நோக்கியே. துவிச்சக்கர வண்டியில் வருபவனோ கண்ணை மூடிக்கொண்டு வீதியோரத்துப் பள்ளத்தில் இறங்குவதன்றி வேறு வழியறியான். நாம் அவனைக் கடந்து சென்றுவிடுகின்றோம். அவன் விழுந்ததும் எழுந்ததும் நமக்குத் தெரிவதில்லை.

செய்யவேண்டிய ஒழுங்கு

கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்க. கண்ணாடியின் இருபுறமும் துடைக்க. இரண்டாவதாக விளக்கின் முகத்தைத் துலக்குக. மூன்றாவதாக மின்னழுத்தத்தை அளந்து குறை தீர்க்க. நான்காவதாகவே குமிழ் வாங்கச் செல்க.

வாங்கும்போது, வண்டியின் கைந்நூலிற் சொல்லிய அதே வகையையும் அதே வாற்றையும் கேட்க. குமிழின் அடியில் வட்டத்துள் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருத்தல் அங்கீகாரத்தின் அடையாளம். அதில்லாத மலிவான குமிழில் இழை இருக்கவேண்டிய இடத்தில் இருக்குமென்பதற்கு உத்தரவாதமில்லை. முப்பது சதவீதமளவு கூடிய வெளிச்சம் எனக் குறித்த நிறமற்ற குமிழ், வெளிச்சத்துக்கும் ஆயுளுக்கும் நடுநிலையானது. அடிக்கடி இரவில் நெடுந்தூரம் ஓடுவோர்க்கு அதனையே நாம் சிபாரிசு செய்வோம். அதனிலும் கூடிய பிரகாசம் வேண்டுவோர், ஆயுள் குறையுமென்பதை அறிந்து, மேலதிகச் சோடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு வாங்கலாம். நீலக் குமிழ், 100 வாற்றுக் குமிழ், அலசன் விளக்குக்குள் பூட்டும் எல்.ஈ.டி., செனன் குமிழ்கள் ஆகியவற்றை விலக்குக.

குமிழ்களை இரண்டிரண்டாகவே மாற்றுதல் வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றதன் ஆயுளும் முடிவை நெருங்கியிருக்கும். பழையதும் புதியதும் ஒரே அளவாக எரியமாட்டா. விளக்கை அணைத்து, ஆறிய பின்னரே கழற்றுக. எச்-4 குமிழின் மூன்று காதுகளும் தத்தம் பள்ளங்களிற் சரியாக அமர்ந்தனவா என்று பார்த்துக் கம்பிப் பூட்டை மாட்டுக. அதன் பின் சுவரின் முன்னே நிறுத்திச் சாய்வைச் சரிபார்க்க. கழற்றிய குமிழ்கள் இன்னும் எரிவனவாயின் எறிந்துவிடாமல், புதிய குமிழ் வந்த பெட்டியிலிட்டு வண்டியினுள்ளே வைத்துக்கொள்க. நடுவழியில் ஒன்று அறுந்தால் வீடு வந்து சேர அது போதும்.